வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால்

மார்ச். வடக்குச் சரிவில் இன்னும் பனி.
சமையல் மேசையில் வரைபடத்தை விரித்து
மூலைக்கு ஒன்றாய் பாரம் வைத்தேன்:
உப்புக் குடுவை, சாவிக்கொத்து,
வெள்ளரி ஊறுகாய்ப் புட்டி,
ஆர்விட் மறந்துவிட்டுப் போன திசைகாட்டி.

கிக்கப்பூ ஆற்றுக்கு மேற்கே
பனியாறுகள் இஸ்திரி போட மறந்த நிலம் எங்களுடையது.
மடிப்பு மடிப்பாய்க் கிடக்கும்.
பழுப்புக் கோடு ஒவ்வொன்றும் இருபதடி.
வாரிய தலைபோல் நெருங்கி ஓடினால் செங்குத்து.
சிக்கு விழுந்தாற்போல் ஓரிடத்தில் விலகினால்
அங்கே ஒரு படி இருக்கிறது,
மான் நடக்கும் அகலத்துக்கு.

பென்சிலைச் சீவிக்கொண்டேன்.
முகடு இடுப்பொடிந்து தாழும் சேணத்தில் ஒரு புள்ளி.
வடமேற்குக் காற்றை முதுகில் வாங்கி
பள்ளத்தைக் கண்ணால் காவல் காக்கும்
மூக்குச் சரிவில் ஒன்று.
ஓடை அறுத்த பள்ளத்தில் மான் இறங்கி ஏறாது,
ஓடைத்தலையைச் சுற்றிக்கொண்டு போகும்.
நீதிமன்றத் தெருவில் ஆர்விட்டின் வண்டி நின்றால்
நானும் அப்படித்தான்.
அங்கே ஒன்று.

மூன்று சனிக்கிழமை நடந்தேன்.
புள்ளி ஒன்றும் பொய்யில்லை.
கொம்பு உரசித் தோலுரிந்த ஆஸ்பென்,
குளம்பு கிளறிய மண்,
சேற்றில் இதயத்தைப் பிளந்து வைத்த மாதிரி தடம்.
கூடவே,
ஒவ்வொரு புள்ளியிலும்
யாரோ மரத்தில் சாத்திய ஏணி,
ஆரஞ்சு நாடா, புகையிலை டப்பா,
லிண்டால் சகோதரர்களின் பெட்ரோல் பங்க் காபிக் கோப்பை.
அச்சடித்த கோடு
எல்லாருக்கும் ஒரே கோடுதானே.

அன்றிரவு சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.
மானை விட்டேன், மனிதரைக் குறித்தேன்.
பதினோரு வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில்
வீட்டுக்கு வீடு கேஸ் நிரப்புகிறவள் நான்.
எந்த வண்டி யாருடையது, தெரியும்.
டெல்மர் குவாம்மேக்கு இடது முழங்கால் சரியில்லை,
ஏற்றம் ஏறமாட்டார், ஓடையோடு போவார்.
லிண்டால்கள் விடியுமுன் முகட்டில் இருப்பார்கள்,
இருந்துகொண்டு தூங்குவார்கள்.
நகரத்திலிருந்து வருகிறவர்கள்
பாதை எதுவரையோ அதுவரை.

தாள் சிவந்துபோயிற்று.
மிச்சம் ஒரே ஒரு கட்டைவிரல் நகம் அளவு:
பொது நிலத்து வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால்,
ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில்.
அங்கே எதுவும் இருக்காது என்றுதான்
எல்லாரும் அதைக் கடந்து போகிறோம்.

ஏப்ரலில் போனேன். எண்பது அடி வைக்கவில்லை.
முள்ளுப்புதர், சாய்ந்த எல்ம் மரம்,
அதன் அணைப்பில்
சருகு அழுந்திய நீள்வட்டம்.
வயிற்று வெள்ளை மயிர் நாலைந்து.
பக்கத்தில் உதிர்ந்த கொம்பு, வலப்பக்கம் மட்டும்,
ஐந்து கிளை, நுனியை எலி கடித்திருந்தது.

அந்தப் படுக்கையில் உட்கார்ந்து பார்த்தேன்.
மான் கழுத்து உயரத்துக்குக் குனிந்தால்
முட்களுக்கிடையே ஒரு சந்து.
சந்தில் என் வண்டி.
நம்பர் பலகையைப் படிக்க முடிகிறது.
அணைக்காமல் வந்த ரேடியோ
சோள விலை சொல்லிக்கொண்டிருந்தது, தெளிவாக.

அப்படியானால் எல்லாம் கேட்டிருக்கிறது.
கதவுச் சத்தம், தோட்டா எண்ணும் சத்தம்,
'நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்' என்ற கிசுகிசுப்பு.
போன நவம்பரில் இங்கேதான்
நானும் ஆர்விட்டும் பேசி முடித்தோம்.
இருபது நிமிடம்.
அவன் என்னைச் சொன்னது, நான் அவன் அம்மாவைச் சொன்னது,
பிறகு இருவரும் ஒன்றும் சொல்லாமல் நின்றது.
காற்று அன்று வடமேற்கிலிருந்து.
எண்பது அடிக்குள் ஒன்று
காதைக்கூட அசைக்காமல் படுத்திருந்தது.

கொம்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.
வரைபடத்தில் அந்த நகத்தளவு வெள்ளையை
வெள்ளையாகவே விட்டேன்.
டெல்மர் கேட்டபோது, ஓடைப்பக்கம் பரவாயில்லை என்றேன்.

நவம்பர் வரட்டும்.
காற்று திரும்பும் ஒருநாள்
வண்டியை அரை மைல் முன்னாலேயே நிறுத்தி,
கதவை அறைந்து சாத்தாமல்
நடந்து வருவேன்.